உண்டியல் குலுக்கிய ஊர்

அவையில் கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம். நடுவர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃப் கழுத்தில் கிடக்க மேடை ஏறியிருக்கிறீர்கள். காலிங்வுட் கிளப் ஆள் என்பதை மறைக்க வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. நானோ மேற்கு மெல்பர்ன்காரன். ஃபுட்ஸ்கிரே. சிவப்பு, வெள்ளை, நீலம். வெஸ்டர்ன் புல்டாக்ஸ். உங்களிடம்தான் நியாயம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. தலையெழுத்து.

தலைப்பு, ‘ஃபுட்டி என்னும் ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தைத் தாங்கி நிற்பது ரசிகரின் பற்றா, தொலைக்காட்சியின் பணமா?’ பற்றுதான் என்று சொல்ல வந்திருக்கிறது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி கணக்குத் தணிக்கை செய்பவராம். பேச்சிலேயே தெரிந்தது. 2025இலிருந்து 2031 வரை ஏழு ஆண்டுகளுக்குச் சேனல் செவன், ஃபாக்ஸ்டெல் தொலைக்காட்சிகளும் டெல்ஸ்ட்ரா தொலைபேசி நிறுவனமும், ஆட்டத்தை நடத்தும் லீகான ஏஎஃப்எல்லுக்குக் கொடுக்கும் தொகை 450 கோடி டாலர் என்று சொல்லிவிட்டு, அப்படியே பேசாமல் நின்றார். அவை வாயைப் பிளந்தது. அப்புறம் ஃபிட்ஸ்ராய் கிளப்பை எடுத்துப் போட்டார். ‘பற்று இருந்தது, பணம் இல்லை, கிளப் போய்விட்டது’ என்று முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சரியான அடி. எனக்கு வலித்தது. அதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

முதலில், வடைக்காக வந்து உட்கார்ந்திருக்கும் அன்பர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்குள் ஒரு முறை தரையில் தட்டியாக வேண்டும். எறியக் கூடாது. உதைக்கலாம், இல்லையென்றால் ஒரு உள்ளங்கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. குறி தப்பிப் பக்கத்து இடைவெளியில் போனாலும் 1 புள்ளி உண்டு. விடை தப்பானாலும் முயற்சிக்கு மார்க் போடும் வாத்தியார் மாதிரி. அந்த ஒரு புள்ளியைக் கேலி செய்யாதீர்கள். செயின்ட் கில்டா கிளப் தன் வரலாற்றிலேயே வாங்கிய ஒரே கோப்பை, 1966இல், அப்படி வந்த ஒரு புள்ளியில்தான் வந்தது. அன்று தோற்றவர்கள் யார் என்பது நடுவருக்குத் தெரியும்.

நடுவர் அவர்களே, நான் இந்த ஊருக்கு வந்து வேலையில் சேர்ந்த முதல் நாள். என் பெயரைக் கேட்டார்கள், சரியாகச் சொல்ல வரவில்லை, விட்டுவிட்டார்கள். அடுத்த கேள்வி, ‘யாருக்கு பாரக் பண்ணுகிறாய்?’ எந்த அணியின் ரசிகன் என்று அர்த்தமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிரிக்கெட் பார்ப்பேன் என்றேன். பாவம், பையன் இன்னும் யாருக்கும் பிறக்கவில்லை என்பது போல ஒரு பார்வை. நம் ஊர்களில் புதிதாக ஒருவன் தெருவுக்குள் வந்தால் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பார்களே, அதே கேள்விதான் இது. பதில் இல்லாமல் இந்த ஊரில் நடமாட முடியாது.

என்னைத் தத்தெடுத்தது பக்கத்து வீட்டு அம்மாள். அப்போதே அறுபதைத் தாண்டியவர். ஒரு ஜூலை மாதக் குளிரில் ஸ்கார்ஃப் ஒன்றை என் கழுத்தில் சுற்றி, கையில் இறைச்சி அடைத்த சூடான ‘மீட் பை’யும் தக்காளி சாஸும் திணித்து, ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது பந்து இல்லை. பேனர்.

வீரர்கள் மைதானத்துக்குள் வரும்போது ஒரு பெரிய காகிதச் சுவரைக் கிழித்துக்கொண்டு ஓடிவருவார்கள், பார்த்திருப்பீர்கள். அதைச் செய்வது சியர் ஸ்குவாட் என்கிற ரசிகர் குழு. சம்பளம் கிடையாது. வேலைக்குப் போய்விட்டு வந்து, ராத்திரியில் ஒரு கூடத்தில் கூடித் தரையில் மண்டி போட்டு, கிரேப் காகிதத்தையும் டேப்பையும் வைத்து எழுத்து எழுத்தாக ஒட்டுவார்கள். ஆட்ட நாளன்று காற்றில் அதைக் கிழியாமல் தூக்கி நிறுத்துவது ஒரு தனிப் பாடு. பிறகு வீரர்கள் ஓடிவந்து ஒரு நொடியில் கிழித்துவிட்டுப் போவார்கள். கிழிப்பதற்காகத்தான் செய்தது. அடுத்த வாரத்துக்கு வேறு பேனர். விடிவதற்கு முன் எழுந்து வாசலில் கோலம் போட்டு, எட்டு மணிக்கு அதன்மேல் பால்காரரின் சைக்கிள் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எதிரணிச் சகோதரியின் பேரேட்டில் இந்தக் காகிதத்தை எந்தக் கணக்கில் எழுதுவார் என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். பந்து வைத்திருப்பவனை எதிராளி கட்டிப் பிடித்துவிட்டால், அவன் உடனே பந்தை உதைத்தோ குத்தியோ அனுப்பியாக வேண்டும். அனுப்பவில்லையென்றால் தண்டனை. அம்பயர் விசிலை வாயில் வைப்பதற்குள் அரங்கம் மொத்தமும் பந்தைச் சொல்லி ‘பா...ல்!’ என்று அலறும். பாதி நேரம் அது தப்பான அலறல். விதி என்ன என்பது அலறுபவர்களில் பாதிப் பேருக்குச் சரியாகத் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் அலறுவோம். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்சிஜியில் ஒரு லட்சம் இருக்கை என்றால் ஒரு லட்சம் அம்பயர்.

சரி, கதைக்கு வருகிறேன். 1989 அக்டோபர். எங்கள் கிளப் அப்போது ஃபுட்ஸ்கிரே என்ற பெயரில்தான் இருந்தது. கடனில் மூழ்கிக் கிடந்தது. தலைமை என்ன முடிவு செய்தது? ஃபுட்ஸ்கிரேயை ஃபிட்ஸ்ராயோடு சேர்த்துவிடுவது. ‘ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ்’ என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. சகோதரி அவர்களே, அந்த முடிவு உங்கள் மொழியில் எழுதப்பட்டது. வரவு, செலவு, பற்றாக்குறை, இணைப்பு. காகிதத்தில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

மேற்குப் பக்கம் தொழிலாளர் வட்டாரம். இறைச்சித் தொழிற்சாலை, கப்பல்துறை, கிழக்குப் பக்கத்துக்காரர்கள் பாலத்தைத் தாண்டி வராத இடம். அந்த மக்களுக்குக் கிளப்பை விட்டால் வேறு பெருமை அதிகம் கிடையாது. ஒரு ரசிகை நீதிமன்றம் போனார். கிளப் தலைவர் இல்லை, முதலாளி இல்லை, ரசிகை. வழக்கறிஞர் பீட்டர் கோர்டன் முன்னால் நின்று போராட்டத்தை நடத்தினார். நீதிமன்றத்தில் கிடைத்தது கொஞ்சம் அவகாசம். சில வாரங்கள், அவ்வளவுதான். அதற்குள் பணம் காட்ட வேண்டும். ஆட்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கடைவீதியிலும் வீட்டு வாசல்களிலும் உண்டியல் குலுக்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கிளப்பின் மைதானமான வெஸ்டர்ன் ஓவலில் கூடினார்கள். சில்லறையும் தாளும் காசோலையுமாக 15 லட்சம் டாலர் அளவுக்குச் சேர்ந்தது. இணைப்பு கைவிடப்பட்டது.

என் பக்கத்து வீட்டு அம்மாள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பார்க்லி தெருவில் டப்பா குலுக்கினாராம். ‘அதிகம் போட்டது யார் தெரியுமா? வேலை போனவர்கள்’ என்பார். இதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார், ஏதோ கரண்ட் பில் கட்டியதைச் சொல்வது போலச் சொல்வார்.

அடுத்த ஆண்டே, 1990இல், ரிச்மண்ட் கிளப்புக்கும் அதே கதி. அவர்களும் உண்டியல் தூக்கினார்கள், பிழைத்தார்கள். 2007இல் நார்த் மெல்பர்னை கோல்ட் கோஸ்டுக்குக் குடிபெயரச் சொல்லிக் கோடிக்கணக்கில் ஆசை காட்டினார்கள். வேண்டாம், இங்கேயே கிடக்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வாங்கிய உதைகளைப் பார்த்தால், போயிருக்கலாமே என்று எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் நார்த் ரசிகர் யாரிடமாவது அதைக் கேட்டுப் பாருங்கள், உங்களை வீடு வரைக்கும் துரத்துவார்.

நடுவர் அவர்களே, 1996 ஆகஸ்ட் 31ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மெல்பர்ன் கிளப்பையும் ஹாத்தோர்ன் கிளப்பையும் இணைத்து ‘மெல்பர்ன் ஹாக்ஸ்’ ஆக்குவதாகப் பேச்சு. லீக் நிர்வாகம் இணையும் கிளப்புகளுக்குப் பணம் தரத் தயாராக இருந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கடைசிச் சுற்றில் அதே இரண்டு அணிகளும் எம்சிஜியில் மோதுகின்றன. கல்யாணம் நிச்சயமான இரண்டு வீட்டாரும் மண்டபத்திலேயே கைகலப்பில் இறங்கியது போல இருந்திருக்கும். ஹாத்தோர்ன் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. ஜேசன் டன்ஸ்டால் தனி ஆளாக 10 கோல் உதைத்து அந்த ஆண்டின் 100 கோலைத் தொட்டார். அடுத்த மாதம் ஹாத்தோர்ன் உறுப்பினர் கூட்டத்தில் முன்னாள் அணித்தலைவர் டான் ஸ்காட் எழுந்தார். புதிய கிளப்புக்காகத் தைத்த சட்டையை உயர்த்திப் பிடித்தார். மேலே ஒட்டியிருந்த, ஹாத்தோர்ன் சின்னமான பருந்துப் படத்தைப் பிய்த்து எடுத்தார். அடியில் இருந்தது வெறும் மெல்பர்ன் சட்டை. அதற்கு மேல் பேச்சு எதற்கு? ஹாத்தோர்ன் உறுப்பினர்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

பிழைக்காது என்று கணக்குப் போட்ட அந்தக் கிளப் 2008இல் கோப்பை வாங்கியது. பிறகு 2013, 2014, 2015 என்று வரிசையாக மூன்று. மெல்பர்ன் கிளப்பும் தனியாகவே இருந்து 2021இல் வாங்கியது. ரிச்மண்ட் 2017இல். எங்கள் கதையைக் கடைசியில் சொல்கிறேன். தணிக்கையாளர் ‘மூடிவிடலாம்’ என்று குறிப்பு எழுதிய கடைகள் இவை.

இப்போது ஃபிட்ஸ்ராய்.

1883இல் பிறந்த கிளப். எட்டுக் கோப்பை. 1996இல் கடன் கழுத்தை நெரித்து, நிர்வாகம் கைமாறி, பிரிஸ்பேன் பேர்ஸோடு இணைக்கப்பட்டுப் பிரிஸ்பேன் லயன்ஸ் ஆனது. சகோதரி சொன்னது உண்மை. அங்கே பற்று தோற்றது. நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மெல்பர்ன் நகரில் ஃபிட்ஸ்ராயின் கடைசி ஆட்டம் அந்த ஆகஸ்டில் ரிச்மண்டுக்கு எதிராக நடந்தது. தோல்வி 151 புள்ளியில். கேவலமான தோல்வி, ஒரு பள்ளிக்கூட அணி வாங்குகிற அடி. ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்பது உள்ளே போகும்போதே எல்லாருக்கும் தெரியும். வந்தவர்கள் எத்தனை பேர்? 48 ஆயிரத்துக்கும் மேல். சாவு வீட்டுக்கு வருவது போல வந்தார்கள், எதிரணி ரசிகர்களும் சேர்த்து. நம்மிடத்தில் நல்லதற்குப் போகாவிட்டாலும் கெட்டதற்குப் போயாக வேண்டும் என்பார்களே, அந்த மாதிரி. இதைக் காசு கொடுத்து வரவழைக்க முடியுமா? அப்புறம் இன்னொன்று. ஃபிட்ஸ்ராய் என்ற பெயரைச் சிலர் விடவில்லை. 2009இல் அமெச்சூர் லீகில் சேர்ந்து, பழைய பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் ஓவலிலேயே அதே பெயரில் மறுபடி ஆடத் தொடங்கினார்கள். வேலியோரம் நின்று பார்க்கலாம், நாயையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு டிவியும் அதற்கு 450 கோடி கொடுக்கப் போவதில்லை. ஆட்டம் நடக்கிறது.

சம்பள உச்சவரம்பும் டிராஃப்டும் நிர்வாகத்தின் சாதனை என்றார் சகோதரி. ஒத்துக்கொள்கிறேன். புது வீரர்களை எடுப்பதில் கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு, எந்தக் கிளப்பும் ஓர் அளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. 1980களில் வந்த நல்ல ஏற்பாடு. 2016இல் 13ஆம் இடத்தில் கிடந்த ரிச்மண்ட் மறு ஆண்டே கோப்பை தூக்கியதென்றால் அதில் இந்த விதிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அது பணத்தைக் கட்டிப்போடுகிற விதி, சகோதரி. பணத்தை அவிழ்த்துவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும் என்று எழுதிவைத்த விதியை நீங்கள் பணத்தின் வெற்றியாகக் காட்டுகிறீர்கள். உங்கள் சாட்சி எனக்குச் சாதகமாகப் பேசுகிறார்.

இன்னும் தெளிவான சாட்சி வேண்டுமா? 2020. மார்ச் 19, எம்சிஜியில் ரிச்மண்டும் கார்ல்டனும். வழக்கமாக 80 ஆயிரம், 90 ஆயிரம் பேர் நெருக்கியடிக்கும் ஆட்டம். கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லை. வீரர்கள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிடுவது கேட்டது, பந்தில் கால் படும் ‘டொப்’ கேட்டது, கோல் விழுந்தால் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை பெண்ணைத் தவிர எல்லாரையும் அழித்துவிட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. பிறகு ஆட்டம் நின்றது, ஜூனில் மறுபடி தொடங்கியது. தொடங்கியபோது தொலைக்காட்சிக்காரர்கள் செய்த முதல் வேலை என்ன? கூட்டத்தின் சத்தத்தைப் பதிவிலிருந்து எடுத்து ஒலிபரப்பில் கலந்தார்கள். கோல் விழுந்தால் ஆரவாரம், தப்பினால் ஒரு ‘ச்சே’. எல்லாம் பொத்தானைத் தட்டி. நடுவர் அவர்களே, இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? அவர்கள் விற்கிற சரக்கே நாங்கள்தான். நாங்கள் இல்லாதபோது எங்கள் நகலைத் தயாரித்துச் சேர்த்தார்கள்.

அதே ஆண்டில் தொலைக்காட்சிக்காரர்கள் பேரம் பேசித் தாங்கள் தர வேண்டிய தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். வியாபாரம், தப்பென்று சொல்லவில்லை. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் மெம்பர்ஷிப் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் விட்டார்கள். அந்த ஆண்டு 18 கிளப்புகளின் உறுப்பினர் எண்ணிக்கை கிட்டத்தட்ட 10 லட்சம். இரண்டரைக் கோடிப் பேர் வாழும் நாட்டில். பூட்டிய கோயிலுக்கு வெளியே நின்று சூடம் கொளுத்தியவர்கள் நாங்கள். பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிக் கச்சேரி நின்றுபோனால், சகோதரி, நீங்கள் காசைத் திருப்பி வாங்குவீர்களா மாட்டீர்களா? நான் வாங்குவேன். புல்டாக்ஸ் காசை மட்டும் கேட்கவில்லை. வீட்டில் திட்டு விழுந்தது, அது தனி.

எங்கள் அளவு நிர்வாகத்துக்கு எப்போதும் சரியாகத் தெரிந்ததில்லை. 2017 பிப்ரவரி 3. பெண்கள் லீகின் முதல் ஆட்டம், கார்ல்டனும் காலிங்வுட்டும், பிரின்சஸ் பார்க்கில். சும்மா வந்து பார்க்கலாம் என்றார்கள். 24 ஆயிரத்துக்கும் மேல் வந்து இடம் நிரம்பி, வாசலை மூடிவிட்டார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள் எல்லாம் வெளியே. லீகின் அன்றைய தலைமை நிர்வாகி கில்லன் மெக்லாக்லன் வாசலுக்கு வந்து நேரில் மன்னிப்புக் கேட்டார். பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள் என்று பல ஆண்டு கேட்டவர்களுக்கு அந்தப் பூட்டிய வாசல் பதில். டாஸ்மேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2028இல்தான் களமிறங்கப்போகிற அணி. 2024இல் பெயரும் சட்டையும் அறிவித்து, 10 டாலருக்கு உறுப்பினர் ஆகலாம் என்றார்கள். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத தீவு. ஒரு பந்தும் உதைக்காத அணிக்குச் சில நாட்களில் ஒரு லட்சத்தைத் தாண்டி உறுப்பினர்கள். ஸ்டேடியம் கட்டுவதா வேண்டாமா என்று அரசியல்வாதிகள் அடித்துக்கொள்ளட்டும், ஜனங்கள் முடிவெடுத்துவிட்டார்கள்.

கிராண்ட் ஃபைனல் என்கிற இறுதி ஆட்டத்தின் டிக்கெட்டில் ஆடுகிற இரண்டு கிளப் உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. மீதியில் பெரும்பகுதி மைதான உறுப்பினர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் மற்றவர்களுக்கும். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து இருக்கைக்குத் திரும்பும் அந்த விருந்தினர்களை நம்பியா ஆட்டம் நிற்கிறது? இறுதி ஆட்டத்தை ராத்திரிக்கு மாற்றினால் விளம்பர வருமானம் கூடும் என்று எத்தனை ஆண்டாகப் பேச்சு! கொரோனாவால் 2020இல் பிரிஸ்பேனிலும் 2021இல் பெர்த்திலும் நேரம் மாறியது. எம்சிஜிக்குத் திரும்பியதும் மறுபடி சனிக்கிழமை மதியம். ஏனென்றால் மதியம்தான் என்று ஊர் சொல்கிறது. கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி, இடைவேளையில் பிள்ளைகள் தெருவில் பந்து உதைக்க வேண்டும். ராத்திரியில் அது நடக்குமா?

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேசப்போகும் ஐயா ஏதோ குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் ரசிகனுடையது என்றால் அதன் அசிங்கமும் ரசிகனுடையதுதான்.

1993 ஏப்ரல் 17, விக்டோரியா பார்க். செயின்ட் கில்டாவுக்கு ஆடிய பழங்குடி வீரர் நிக்கி வின்மாரை ஆட்டம் முழுவதும் நிறத்தைச் சொல்லிக் கூட்டம் ஏசியது. ஜெயித்து முடித்ததும் அவர் சட்டையைத் தூக்கித் தன் தோலைத் தொட்டுக் காட்டினார். அந்தப் படம் இந்த நாடு முழுக்கத் தெரியும். அது காலிங்வுட் மைதானம். நடுவரைக் குத்திக்காட்ட அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் இருபது ஆண்டு கழித்து ஆடம் குட்ஸ் விஷயத்தில் எல்லாக் கிளப் கூட்டமும் சேர்ந்தே செய்தது. சிட்னியின் பெரிய வீரர், அவரும் பழங்குடி. லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கியவர். 2013இல் தன்னைக் குரங்கு என்று கேலி செய்த குரலைச் சுட்டிக் காட்டினார் என்பதற்காக, அடுத்தடுத்த ஆண்டுகளில் அவர் பந்தைத் தொட்டாலே ‘பூ...’ என்று ஏளனமாகக் கத்தினார்கள். 2015இல் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். வழியனுப்பு மரியாதையைக்கூட ஏற்கவில்லை. நான் பார்க்கப் போன ஓர் ஆட்டத்திலும் என் வரிசையில் அந்தக் கத்தல் கேட்டது. ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள்தான் திரும்பிப் பார்த்து அதட்டினார். நான் இல்லை.

லீகும் கிளப்புகளும் மன்னிப்புக் கேட்டது 2019இல். நான்கு ஆண்டு தாமதம். ஆனால் 2015 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே, குட்ஸ் மனம் நொந்து ஆடாமல் இருந்த ஒரு வாரத்தில், சிட்னி மைதானத்தில் கூட்டம் ஆட்டத்துக்கு நடுவே எழுந்து நின்று அவருக்காகக் கைதட்டியது. அவர் அங்கே இல்லை. அவர் சட்டை எண் 37 எழுதிய அட்டைகள் இருந்தன. காயப்படுத்தியதும் கூட்டம்தான், மருந்து போட முதலில் கையை நீட்டியதும் கூட்டம்தான். இது எங்கள் அணிக்குச் சாதகமா பாதகமா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டீர்கள். காலிங்வுட்காரர் கையில் மணி இருந்தால் இப்படித்தான். 1970இல் 1,21,696 பேர் முன்னால், இடைவேளையில் 44 புள்ளி முன்னிலை வைத்திருந்து, கார்ல்டனிடம் 10 புள்ளியில் தோற்றீர்களே, அன்று இதைக் கொஞ்சம் சீக்கிரம் அடித்திருக்கலாம். இரண்டே நிமிடம் கொடுங்கள்.

2016 அக்டோபர் 1. பட்டியலில் ஏழாம் இடத்தில் முடித்த புல்டாக்ஸ், யாரும் எதிர்பார்க்காமல் ஒவ்வொரு சுவராக ஏறிக் குதித்து கிராண்ட் ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரே சிட்னி. நாங்கள் கடைசியாக வாங்கிய கோப்பை 1954. அந்த ஒன்றைத் தவிர வேறு கிடையாது. எங்கள் தெருவில் யாருக்கும் டிக்கெட் விழவில்லை. அம்மாள் வீட்டு முன்னறையில் பதினோரு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். ஆமாம், டிவியில்தான் பார்த்தோம். எதிரணி சிரிக்கட்டும். ஆனால் டிவியின் குரலை அடைத்துவிட்டு ரேடியோவை வைத்திருந்தார் அந்த அம்மாள். டிவிக்காரர்கள் அதிகம் பேசுகிறார்களாம்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி வரைக்கும் யார் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. அப்புறம் டாம் பாய்ட் வெகு தூரத்திலிருந்து உதைத்த பந்து உருண்டு, குதித்து, உள்ளே போனது. 22 புள்ளியில் ஜெயித்தோம். மேடையில் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் கழுத்தில் போட்ட பதக்கத்தைக் கழற்றினார். முழங்காலில் அடிபட்டு அந்த ஆண்டு பெரும்பகுதி ஆட முடியாமல் போன அணித்தலைவர் பாப் மர்ஃபியை மேலே கூப்பிட்டு, அவர் கழுத்தில் போட்டார். முன்னறையில் பெரிய பெரிய ஆம்பிளைகள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். தெருவில் கார் ஹார்ன் நிற்கவில்லை.

1954இல் அந்த அம்மாளுக்கு எட்டு வயது. 1989இல் டப்பா குலுக்கியபோது நாற்பத்து மூன்று. அன்றைக்கு எழுபது. அழுவார் என்று எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து போய் ரேடியோவை அணைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பி, ‘அடுத்த வருஷத்து மெம்பர்ஷிப் கட்டிவிட்டாயா?’ என்றார்.

நன்றி, வணக்கம்.